அடுப்பெரிய நகர்ந்த வீடு

கடல் போய்க்கொண்டிருக்கிறது, குசினி யன்னலின் இடது ஓரத்தால் மெல்ல மெல்ல வெளியே போய்க்கொண்டிருக்கிறது, முதலில் பாறை போனது, பிறகு என் புருஷன் வள்ளம் கட்டுகிற முளை போனது, பிறகு கடலைத் தடுக்கவென்று கொட்டித் தோற்றுப்போன கருங்கற் குவியல் போனது, இப்போது வெறும் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது, கடலுக்குக் கால் முளைத்துவிட்டது என்று நினைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தேன், அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்து நடுங்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் விளங்கியது, போவது கடல் அல்ல, நான், நான் இருக்கிற வீடு, இரும்பு உத்திரங்களில் ஏறி, உத்திரங்கள் சில்லுகளில் ஏறி, முன்னால் ஒரு லொறி இழுக்க, நான் கதிரையில் இருக்கிறேன், கதவை உள்ளே பூட்டிவிட்டு இருக்கிறேன், இறங்கமாட்டேன் என்று ஊர் கேட்கக் கத்திவிட்டு இருக்கிறேன், வீட்டை நிறுத்துவதற்காகத்தான் இருந்தேன், என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறார்கள், இப்படி ஒரு அவமானம் என் வாழ்க்கையில் நடந்ததில்லை.

இந்த இடம் கனடாவில் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் வடகிழக்குக் கரை, ஊருக்குத் தொசித்தேயின் குடா என்று பெயர், அக்காடியர் ஊர், கொஞ்சப் பேர்தான், முக்கால்வாசிப் பேருக்கு ஒரே குடும்பப் பெயர், அதனால் அந்தப் பெயரைச் சொல்லி ஒருத்தரையும் பிடிக்க முடியாது, தகப்பன், தகப்பனின் தகப்பன் என்று படியிறங்கிப் போகவேண்டும், என் புருஷன் ஒரேல், தியோதிமின் ஒரேல், தியோதிம் ஃபிதேலின் மகன், அப்படியே இறங்கிக்கொண்டு போனால் ஊருக்குப் பெயர் கொடுத்த தொசித்தேயில் போய் முட்டும், நான் வந்த புதிதில் தபால்காரர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே, நீ ஆற்ற மகள் பிள்ளை, என்று கேட்டார், சொன்னேன், அவர் ஆற்ற மகன், என்றார், கதிரிப்பிள்ளையின் மகன், என்றேன், அந்தப் பெயரை வாயில் போட்டு ஒருதரம் மென்று பார்த்துவிட்டு, சரி, உங்களிட்டயும் அப்பிடித்தான், என்று திருப்தியோடு போனார், இவர்கள் பேசுவது பிரெஞ்சு, பாரிஸில் நான் படித்த பிரெஞ்சு அல்ல, உப்புக்காற்றில் கிடந்து தடித்த பழைய பிரெஞ்சு, அது என் காதுக்குள் இறங்கும்போது யாழ்ப்பாணத்தில் நான் பிறந்த மயிலிட்டியின் பேச்சாக மாறித்தான் இறங்குகிறது, ஏனென்று எனக்குத் தெரியாது, மீன்பிடிக்கிற சனம் எங்கேயும் ஒரே மாதிரித்தான் கத்திக் கதைக்கிறதோ என்னவோ, பாரிஸில் முதியோர் இல்லத்தில் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டிக்கொண்டிருந்தவளை, பிரெஞ்சு தெரிந்த ஆள் வேண்டுமென்று இங்கே பக்கத்துப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள், அங்கே உள்ளங்கையில் தூண்டில் கொழுவியபடி ஒருவர் வந்தார், அழவில்லை, கத்தவில்லை, இது கொஞ்சம் நோகுது, என்று மட்டும் சொன்னார், அவர்தான் ஒரேல், சிங்கி இறால் பிடிக்கிறவர், வாய் திறப்பதற்கு முன்னால் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கிற மனுஷன், அந்தக் கையையே நான் பிடித்தேன், தாயும் மகனும் இருந்த இந்த மர வீட்டுக்கு வந்தேன், வந்த அன்று மாமி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மெலிவாக் கிடக்கிறாய், காத்து அடிச்சால் பறந்துபோடுவாய், என்றார், மாமியின் பெயர் எல்மீர், எண்பதை நெருங்குகிறார், வாய்க்கு மட்டும் வயதாகவில்லை.

வந்த வருஷம் வீட்டுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு வளவு இருந்தது, வேலி இருந்தது, வலை காயப்போடுகிற கொட்டில் இருந்தது, ஒரு புயலில் வேலி போனது, அடுத்ததில் கொட்டில் போனது, கரை உதிர்ந்து உதிர்ந்து படிக்கட்டுக்குக் கிட்ட வந்தது, நான் பாத்திரம் கழுவின தண்ணீரை வெளியே வீசினால் நேரே கடலில் விழுகிற அளவுக்கு வந்தது, அப்போதும் நான் பயப்படவில்லை, சத்தியமாகப் பயப்படவில்லை, கடல் பக்கத்தில் வந்து நிற்பது எனக்குப் பிடித்திருந்தது, இந்த வைகாசியில் ஒருநாள் காலைச் சாப்பாட்டில் ஒரேல் பாணில் கரும்புப்பாகு பூசிக்கொண்டே சொன்னார், சிங்கி இறால் காலம் முடிய வீட்டைத் தூக்குவம், வீடு நகர்த்துற கலிக்ஸ்தோட கதைச்சிட்டன், மாமி கோப்பையை வைத்துவிட்டு, ஓம், மேட்டுக்காணியில வைப்பம், அங்க தண்ணியும் நல்லது, என்றார், அவ்வளவுதான், உப்பை எடுத்துத் தா என்பதுபோல ஒரு வீட்டின் கதை முடிந்துவிட்டது, நான் கேத்தலோடு நிற்கிறேன், என்னை ஒருக்காக் கேக்கவேணும் எண்டு உங்களுக்குத் தோணேல்லையா, என்றேன், ஒரேல் நிமிர்ந்து பார்த்தார், அந்தப் பார்வையில் கள்ளமே இல்லை, எனக்குக் கூடுதலாக எரிச்சல் வந்ததும் அதனால்தான், கேக்க என்ன கிடக்கு, கடல் எங்களைக் கேட்டதா, என்றார், கடலுக்கு நான் பெண்சாதி இல்லை, உங்களுக்குத்தான், என்று சொல்லிவிட்டு நான் போய்க் கட்டிலில் படுத்துவிட்டேன்.

இவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை, அதுதான் எனக்கு விளங்கவில்லை, எங்களுக்கு வீடென்றால் நாள் பார்த்து, நிலையம் எடுத்து, அத்திவாரம் வெட்டி, வாசல் எந்தத் திசை என்று சாத்திரியாரைக் கேட்டு, மண்ணுக்குள் இறக்குகிற ஒன்று, இவர்களோ ஆழமாகத் தோண்டவே மாட்டார்கள், கல்லை அடுக்கி அதற்குமேல் வீட்டை வைத்துவிட்டு எப்போதும் கிளம்பத் தயாராக இருக்கிறவர்கள், இந்த வீடே ஏற்கனவே இரண்டு தரம் இடம் மாறியது, முதல்தரம் குடாவின் அந்தக் கரையிலிருந்து, மாரியில் உறைந்த கடலுக்கு மேலால், குதிரைகள் பூட்டி, இரண்டாந்தரம் மாமி கலியாணம் செய்து வந்த புதிதில், ட்ராக்டரில், இரண்டு தரமும் அடுப்பு எரிய எரியத்தான் போனது, ஒரு பெண் உள்ளே இருந்து நெருப்பை அணையாமல் பார்த்துக்கொண்டு வரவேண்டும், நெருப்பணைந்த வீட்டை இழுத்துப்போவது பிரேதம் கொண்டுபோவது மாதிரி, போய்ச் சேருகிற இடத்தில் அது வீடாக இராது, இதெல்லாம் மாமி கோப்பை துடைத்துக்கொண்டு எத்தனையோ தரம் சொன்னதுதான், கல்யாண வீட்டுக் கதை போல நானும் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், இப்போது காப்புறுதிக்காரன் விடமாட்டான், வீடு வெறுமையாக இருக்கவேண்டும், நெருப்பும் இருக்கக்கூடாது, ஆளும் இருக்கக்கூடாது, கடைசியாக நகர்த்தின வீடுகள் எல்லாம் குளிர்ந்துபோய்த்தான் போனதாம், அதைச் சொல்லும்போது மட்டும் மாமி குரலைத் தாழ்த்துவார்.

ஏன் தோண்டுறதில்லை மாமி, என்று ஒருநாள் கேட்டேன், தோண்டினவைக்கு என்ன நடந்தது எண்டு தெரியுந்தானே, என்றார், தெரியும், இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும், இரண்டரை நூற்றாண்டுக்கு முன்னால் தெற்கே இவர்களுக்குச் செழித்த வயல்கள் இருந்தன, கடலோரச் சேற்று நிலத்தை அணை கட்டி மீட்டு, உப்பைக் கழுவிக் கழுவி விளையவைத்த வயல்கள், ஆங்கிலேயச் சிப்பாய்கள் வந்தார்கள், ஆம்பிளைகளைக் கோயிலுக்குக் கூப்பிட்டார்கள், கதவைப் பூட்டினார்கள், எல்லோரையும் கப்பல்களில் ஏற்றி ஆளுக்கொரு கரையில் கொண்டுபோய்க் கொட்டினார்கள், திரும்பி வர மனம் வரக்கூடாதென்று வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள், தொசித்தே காட்டுக்குள் ஓடி ஒளித்து, வருஷக்கணக்காக நடந்து, இந்தக் கல்லுக் கரைக்கு வந்தானாம், வயலில் வேறு ஆட்கள் குடியிருந்தார்கள், இன்றைக்கும் அவர்கள்தான் இருக்கிறார்கள், காணி எண்டது மற்றவன் பறிக்கிற சாமான் பிள்ளை, வீடு ஒண்டுதான் எங்களோட வரும், என்றார் மாமி, எனக்கு அது ஏறவில்லை, எங்கட ஊரில மாறித்தான் மாமி நடந்தது, என்றேன், வீடு போட்டுது, காணிதான் மிஞ்சினது.

மயிலிட்டியை விட்டு வரும்போது எனக்குப் பன்னிரண்டு வயது, இருபத்தேழு வருஷம் அந்தப் பக்கம் ஒருத்தரையும் விடவில்லை, இராணுவ வேலி, முட்கம்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் கண்டவர் கிடையாது, வீடு இருக்கிறதென்று ஒருத்தர் சொல்வார், கூரை மட்டும் போட்டுது என்று இன்னொருத்தர் சொல்வார், அம்மா இரண்டையும் நம்புவார், ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு அறையை மனதுக்குள் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார், திறந்துவிட்ட அன்று போய் நின்று எனக்குக் கைபேசியில் காட்டினார், வெளி, வெறும் வெளி, உழுது தள்ளிவிட்ட மாதிரி, பற்றைக்காடு, இதில குசினி, இதில மாமரம், இதில நீ விழுந்து பல்லுடைச்ச படி, என்று அம்மா முள்ளுச்செடிகளைக் காட்டிக்கொண்டு நடக்கிறார், ஆனாலும் காட்டுவதற்கு மண் இருந்தது, காலால் மிதித்து இதில என்று சொல்ல ஒரு இடம் இருந்தது, இங்கே அதுவும் இராது, வீட்டைத் தூக்கிய பிறகு கரை உதிர்ந்து அந்த இடமே தண்ணீராகப் போகும், நாளைக்கு ஆர் வந்து கேட்டாலும் தண்ணியைக் காட்டி இதிலதான் இருந்தனாங்கள் எண்டு சொல்லுறதா, என்று ஒரேலைக் கேட்டேன், எங்கட ஆக்கள் அப்பிடித்தானே சொல்லி வருகினம், என்றார், சொல்லிவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார், என்னோடு சண்டைபிடிக்க அந்த மனுஷனுக்குத் தெரியாது, கதவைப் பார்த்துத்தான் நான் சண்டைபிடிக்கவேண்டும்.

அறிவில்லாமல் நிற்கிறேன் என்று எனக்கே தெரியும், தூக்காவிட்டால் அடுத்த புயலுக்கு வீடும் இல்லை நாங்களும் இல்லை, கணக்குச் சரி, ஆனால் ஒருதரம் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள், இரண்டாந்தரமும் கேட்காமல் கொள்ளாமல் இழுத்துக்கொண்டு போவார்கள் என்றால் நான் எந்த வயதில்தான் ஒரு இடத்தில் இருந்து எழும்புவதா வேண்டாமா என்று சொல்லப்போகிறேன், அதனால்தான் இன்று காலை, கலிக்ஸ்தின் ஆட்கள் ஜாக்கி வைத்து வீட்டை ஆள் உயரத்துக்குத் தூக்கி முடித்து, ஏணியை எடுக்கப்போகிற நேரத்தில், மறந்துபோன சால்வையை எடுக்கிறேன் என்று ஏறி, உள்ளே வந்து, கதவைப் பூட்டி, யன்னலைத் திறந்து, நான் இறங்கமாட்டன், செய்யிறதைச் செய்யுங்கோ, என்று கத்தினேன், ஊரே கீழே நிற்கிறது, வீடு நகர்வதைப் பார்க்க வேலை வெட்டியை விட்டுவிட்டு வந்து நிற்கிறது, ஒரேல் வாய் பிளந்து பார்க்கிறார், இனி ஏசுவார்கள், கெஞ்சுவார்கள், பொலிசைக் கூப்பிடுவார்கள் என்று நான் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருக்கிறேன், ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை, கிழவர்கள் ஒவ்வொருத்தராகத் தொப்பியைக் கழற்றினார்கள், பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள், தபால்காரர் கண்ணைத் துடைத்தார், பிறகு யாரோ ஒருவர் ஏணியில் ஏறி ஒரு கட்டு விறகை யன்னலால் உள்ளே தள்ளிவிட்டு, என் முகத்தைப் பாராமல் இறங்கிப்போனார், கலிக்ஸ்த் தன் ஆட்களிடம் திரும்பி, வீட்டுக்குள்ள ஒருத்தரும் இல்லை, எல்லாரும் பாத்தனீங்கள்தானே, என்று சத்தமாகக் கேட்டான், பாத்தனாங்கள், என்றது ஊர், நான் யன்னலில் மூக்கு முட்ட நின்றுகொண்டிருக்கிறேன், என்னைப் பார்த்துக்கொண்டே ஒருத்தரும் இல்லை என்கிறார்கள், பிறகுதான் கோப்பைகள் நடுங்கத் தொடங்கின.

அவர்கள் என்னை என்னவாக நினைத்துவிட்டார்கள் என்று எனக்கு விளங்க, வீடு தார் றோட்டுக்கு ஏறவேண்டியிருந்தது, நடக்கிற வேகத்தில்தான் போகிறது, சனம் இரண்டு பக்கமும் நடந்து வருகிறது, எங்கள் ஊரில் தேரோடு நடக்கிற மாதிரி, முன்னால் இரண்டு பேர் நீளத் தடியால் மின்சாரக் கம்பியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், மாமி ஒரு பிக்கப் வண்டியின் பின்தட்டில் கதிரை போட்டு, கம்பளியைச் சுற்றிக்கொண்டு, யன்னலுக்கு நேரே வருகிறார், எட்டிப் பார்த்துக் கத்துகிறார், பிள்ளை, எங்க புகையைக் காணேல்லை, நெருப்பு மூட்டேல்லையா, நான் நெருப்புக்கு இருக்கேல்லை மாமி, என்று நானும் கத்தினேன், உங்களோட சண்டைக்குத்தான் இருக்கிறன், இந்த வீடு போகக்கூடாது எண்டுதான் இருக்கிறன், மாமி கொஞ்சமும் அசையவில்லை, சண்டையையும் பிடி, நெருப்பையும் மூட்டு, ஆர் வேண்டாம் எண்டது, என்றார், பிறகு பின்தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றார், ஓட்டுகிறவன் பயந்து வேகத்தைக் குறைத்தான், நான் மட்டும் என்ன விருப்பத்திலயா இருந்தனான், என்றார், கலியாணம் கட்டி நாலு மாசம், அப்ப வீடு நிண்ட இடத்தில இருந்து எங்கட அம்மாவின்ர வீட்டு விளக்குத் தெரியும், இழுத்துக்கொண்டு போனால் அதுவும் தெரியாது, இறங்கமாட்டன் எண்டு நிலத்தில படுத்திட்டன், தியோதிம் அழுதான், மாமியார்க்காரி வந்து பாத்திட்டு, படுக்கட்டும், அடுப்பைக் கொளுத்திக் குடுத்திட்டு இழுங்கோ எண்டாள், அவளையும் அப்பிடித்தான் ஐஸுக்கு மேல இழுத்ததாம், விருப்பத்தோட இருந்தவள் ஒருத்தியும் இல்லையடி, இறங்கமாட்டன் எண்டு நிண்டவளைத்தான் உள்ளுக்கு விடுறது, வேற ஆர் நெருப்பைப் பாப்பாள்.

இதை மாமி அந்த நிமிஷத்தில் பிக்கப் வண்டியில் வைத்தே இட்டுக்கட்டியிருக்கலாம், அவர் செய்யக்கூடிய ஆள், இத்தனை வருஷமாக அதே கதையைச் சொன்னவர் இந்த ஒரு துண்டை மட்டும் ஏன் விழுங்கி வைத்திருந்தார், நான் யன்னலைச் சாத்தினேன், சாத்தினால் குளிருகிறது, ஐப்பசிக் குளிர், விறகுக்கட்டு காலடியில் கிடக்கிறது, வெளியே சனம் நடக்கிறது, கண்ணாடிக்கு அப்பால் தலைகள் மட்டும் ஆடி ஆடி வருகின்றன, பார்த்துக்கொண்டிருக்க அந்தத் தலைகளில் மூட்டைகள் ஏறுகின்றன, அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார், கரியரில் தையல் மெசின் கட்டியிருக்கிறது, அம்மா ஒரு கையில் என்னைப் பிடித்திருக்கிறார், றோட்டு முழுக்கச் சனம், பின்னால் ஷெல் விழுகிற சத்தம், பக்கத்தில் செருப்புச் சத்தம் மட்டும், நான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன், திரும்பாத நட, என்கிறார் அம்மா, அம்மா அப்போது என்ன செய்துவிட்டு வந்தார் என்று இப்போதுதான் எனக்குக் கண்ணுக்குள் வருகிறது, சோறு பாதி கொதியில் இருந்தது, நாங்கள் படலைக்குப் போன பிறகு அம்மா திரும்பி ஓடிப்போய், அடுப்புக்குத் தண்ணி ஊற்றினார், நாங்கள் இல்லாத நேரம் வீடு பத்திப்போடும், என்றார், வீட்டைக் காப்பாற்றத்தான் ஊற்றினார், சாம்பல் குப்பென்று எழும்பி அம்மாவின் முகத்தில் படிந்தது, அந்த முகத்தோடுதான் அம்மா நடந்து வருகிறார், சுன்னாகம் வரைக்கும் அதை அவர் துடைக்கவில்லை, ஒருத்தரும் அவரிடம் சொல்லவுமில்லை, நான் சொல்லியிருக்கலாம், அம்மா முகத்தில கரி என்று, எனக்கு அது வரவில்லை, இப்போது அம்மா மயிலிட்டியில் ஒரு தகரக் கொட்டிலில், வீடு இருந்த அதே இடத்தில், தனியே சமைத்துச் சாப்பிடுகிறார், வாங்கோ எண்டால் வரமாட்டார், இனி எழும்பமாட்டன், என்கிறார், நான் அவருடைய மகள்தான், வேறு யாருடைய பிடிவாதம் எனக்கு வரும்.

நான் எழும்பி அடுப்புக்குக் கிட்டப் போனேன், வீடு ஆடுகிற ஆட்டத்துக்குச் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் போகவேண்டியிருந்தது, விறகின் வெள்ளைப் பட்டையை உரித்து உள்ளே வைத்தேன், குறுக்கே இரண்டு சிறிய துண்டு, நெருப்புக்குச்சி மூன்று தரம் முறிந்தது, எனக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே மாமியை ஏசினேன், ஒரேலை ஏசினேன், ஏசுவதற்குப் பெயர் தெரியாத யார் யாரையோ ஏசினேன், பட்டை பிடித்துக்கொண்டது, புகை முதலில் உள்ளே திரும்பி என் கண்ணுக்குள் வந்தது, பிறகு குழாயின் வழியைக் கண்டுபிடித்து மேலே போனது, ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை, பிறகு வெளியே ஒரு சத்தம், முதலில் ஒருவர் வாகன ஹோர்னை அடித்தார், பிறகு எல்லா வாகனமும், பிறகு யாரோ தகர வாளியில் தட்டுகிறார்கள், சட்டியில் தட்டுகிறார்கள், இந்தச் சனம் சந்தோஷம் வந்தாலும் அரசாங்கத்தோடு கோபம் வந்தாலும் இப்படித்தான் தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் தெருவுக்குக் கொண்டுவந்து அடிக்கும், நாங்கள் இன்னும் இருக்கிறோம் என்று காட்டுவதற்கு, நான் யன்னலால் பார்த்தேன், ஒரேல் வீட்டின் சுவரில் ஒரு கையை வைத்தபடி நடந்து வருகிறார், தூண்டில் ஏறின அதே கை, மாட்டைத் தடவிக்கொண்டு வருகிற மாதிரி, அண்ணாந்து பார்த்தார், கோவமா, என்று கேட்டார், ஓம், என்றேன், சரி, என்றார், அந்தச் சத்தத்துக்குள் அவர் சொன்னது எனக்குக் கேட்டது, விறகு காணுமா, என்றும் கேட்டார்.

மேட்டுக்காணி வந்தது, காடு வெட்டிய வெளி, ஊசியிலை மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் ஈரமாகக் கிடக்கின்றன, கல் ஒன்றும் அடுக்கவில்லை, வீடு எப்படி நிற்கப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் கீழே அடுக்குவார்களாம், லொறியைக் கழற்றினார்கள், கலிக்ஸ்த் கையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு நிற்கிறான், அதை அமத்தினால் அடியிலிருக்கிற சில்லுகள் திரும்பும், வீடு நின்ற இடத்திலேயே சுழலும், சத்தமெல்லாம் அடங்கிவிட்டது, அவன் ஏணியை வைத்து இரண்டு படி ஏறி, தொப்பியைக் கழற்றி, யன்னலுக்குக் கீழே நின்றான், மடாம், எந்தப் பக்கம் முகம் வைக்கிறது, என்று கேட்டான், எனக்கு விளங்கவில்லை, ஒரேலைக் கேளும், என்றேன், அவரைக் கேக்கிறதில்லை, நெருப்போட வந்த ஆளைத்தான் கேக்கிறது, என்றான், நான் ஒரேலைப் பார்த்தேன், அவர் நிலத்தைப் பார்த்தார், மாமியைப் பார்த்தேன், என்னைப் பாராத, என்ர முறை முடிஞ்சுது, என்றார் மாமி, போன தரம் நான்தான் சொன்னனான், கடலுக்கு முகம் வை எண்டு, அம்மாவின்ர விளக்கு இல்லாட்டிலும் அந்தத் தண்ணியெண்டாலும் தெரியட்டும் எண்டு.

ஊர் நிற்கிறது, குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு, பொறுமையாக, என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, கொஞ்சம் பொறுங்கோ, என்றேன், பொறுக்கிறம், என்றார்கள், நான் ஒவ்வொரு யன்னலாகப் போனேன், படுக்கை அறையில் காடு, முன் அறையில் றோட்டு, றோட்டுப் பக்கம் வைத்தால் மாரியில் பனி அள்ளச் சுகம், சாத்திரப்படி கிழக்கு நல்லது, தெற்கே வைத்தால் வெய்யில் கிடைக்கும், சுழலச் சொன்னேன், சுழற்றினார்கள், காடு போய் றோட்டு வந்தது, போதாது, இன்னும் என்றேன், றோட்டு போய்க் கல்லறைத் தோட்டம் வந்தது, கோயில் வந்தது, தபால்காரரின் வீடு வந்தது, இன்னும், என்றேன், கலிக்ஸ்த் திரும்பவும் பெட்டியை அமத்தினான், குசினி யன்னலின் ஓரத்தில் கடல் வந்தது, தூரத்தில், ஒரு விரல் தடிப்புக்கு, இதிலயா, என்று கேட்டான், இல்லை, இன்னும் கொஞ்சம், மெல்லமா, என்றேன், கருங்கற் குவியல் வந்தது, வள்ளம் கட்டுகிற முளை வந்தது, அதற்குப் பக்கத்தில், நாங்கள் காலையில் விட்டுவந்த இடம் வந்தது, வீடு இல்லாத சதுரம், மேலிருந்து பார்க்க ஒரு பாய் விரிக்கிற அளவுதான், கரையின் விளிம்பில் மஞ்சள் புல்லுக்கு நடுவே கறுத்த மண்ணாகத் தெரிந்தது.

இதைப் பாத்து வீட்டை வையுங்கோ, என்றேன், கலிக்ஸ்த் திரும்பிப் பார்த்தான், மடாம், அது வடகிழக்கு, மாரிக் காத்து முழுக்கக் குசினிக்குள்ளதான் அடிக்கும், என்றான், அடிக்கட்டும், என்றேன், அந்த இடம் கனகாலம் இராது, இரண்டு வருஷம், மூண்டு வருஷம், பிறகு யன்னலுக்க வெறும் தண்ணிதான், என்று ஒரேல் கீழிருந்து மெதுவாகச் சொன்னார், எனக்குத் தெரியும், என்றேன், என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, கத்தவில்லை, எங்கட வீடு எப்ப விழுந்தது எண்டு எனக்குத் தெரியாது, எந்த வருஷம், எந்தப் பக்கம் முதல்ல விழுந்தது, மாமரத்தை ஆர் தறிச்சது, ஒண்டும் தெரியாது, இருபத்தேழு வருஷம் எங்களை விடாமல் வச்சிருந்து அழிச்சவை, இது போறதை நான் பாக்கவேணும், இஞ்ச நிண்டு சமைச்சுக்கொண்டு, ஒவ்வொரு நாளும், கடைசி மண் விழுமட்டும் பாக்கவேணும், என்றேன், மாமி கம்பளியை இழுத்துப் போர்த்துக்கொண்டு, கேட்டதுதானே, வை, என்றார், கலிக்ஸ்த் பெட்டியை அமத்தினான், வீடு ஒரு முழம் அளவுக்குத் திரும்பியது, கோப்பைகள் நடுங்கின, அந்தக் கறுத்த சதுரம் கண்ணாடியின் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல நடுவுக்கு வந்தது, அதற்குப் பின்னால் கடல் முழுதாக வந்தது, நிப்பாட்டுங்கோ, என்றேன், நிப்பாட்டினார்கள்.